ஒரே தப்பு, இரண்டு பையன்கள்: ஒருவனுக்கு மூன்று மாதம், இன்னொருவனுக்கு முடிவே தெரியாத புரொபேஷன். இது எப்படி?

கணக்குவாத்தியார் (கேள்வி)

அமெரிக்காவின் சிறார் நீதிமன்றங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே இருந்தால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் மையம் ஒன்றுக்கு நான் போய்வருகிறேன். அங்கே வரும் இரண்டு பையன்கள், இருவருக்கும் 15 வயது, சேர்ந்தே ஒரு கடையில் ஹெட்ஃபோன் திருடி மாட்டிக்கொண்டார்கள். இருவர் மீதும் அதற்கு முன்னால் ஒரு புகார்கூடக் கிடையாது. ஒருவன் வெள்ளையினப் பையன், அப்பா மறுநாளே வக்கீல் வைத்தார், விஷயம் நீதிபதி வரைக்கும் போகவே இல்லை. ஒரு வகுப்பு, ஒரு மன்னிப்புக் கடிதம், மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

மற்றவன் கறுப்பினப் பையன். அம்மா மட்டும்தான், அவருக்கும் இரவு நேர வேலை. இவன் வழக்கு நீதிமன்றத்துக்குப் போய் ஆறு மாதம் புரொபேஷன் போட்டார்கள், அதாவது அடைத்து வைக்காமல், ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் நிபந்தனைகளோடு வீட்டில் இருக்க விடுவது. அந்த ஆறு மாதம் முடியும்போது, அதிகாரியைப் பார்க்கப் போகாமல் சில தடவை தவறவிட்டான், பள்ளிக்குத் தாமதமாகப் போகிறான் என்று சொல்லி நீட்டித்தார்கள். இப்போது இரண்டாவது தடவையும் நீட்டித்திருக்கிறார்கள். இவ்வளவு காலத்தில் அவன் புதிதாக எதையும் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. இரவு எட்டு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் கூடைப்பந்து அணியிலிருந்து விலகிவிட்டான். முன்பெல்லாம் கணக்குப் போடும்போது வாய் ஓயாமல் பேசுவான், இப்போது வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பதால்.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். இப்படி முடிவே இல்லாமல் நீட்டிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா? இந்த வித்தியாசம் எந்த இடத்தில் நுழைகிறது? காலத்தைக் குறைத்தாலே சரியாகிவிடுமா, இல்லை வேறு எதையாவது மாற்ற வேண்டுமா?

மீனா_வழக்கு

சில வருடம் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தில் (வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் வாதாடும் அலுவலகம்) சிறார் வழக்குகள் பார்த்திருக்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதல் கேள்விக்கு, ஆமாம், நிறைய மாநிலங்களில் இடம் கொடுக்கிறது. பெரியவர்களுக்குப் புரொபேஷன் போட்டால் இன்ன தேதியில் முடியும் என்று தீர்ப்பிலேயே இருக்கும். பிள்ளைகளுக்குப் பல இடங்களில் நீதிமன்றம் போதும் என்று சொல்லும் வரை, அல்லது வயது வரம்பு வரும் வரை ஓடலாம். டெக்சாஸில் 18-வது பிறந்தநாள்தான் எல்லை, அப்படியானால் 13 வயதில் மாட்டிய பிள்ளைக்கு அது எவ்வளவு காலம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 2021 முதல் பெரியவர்களுக்குச் சிறு குற்றம் என்றால் பெரும்பாலும் 1 வருடம், பெருங்குற்றம் என்றால் பெரும்பாலும் 2 வருடம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்தச் சட்டம் பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. 40 வயதுக்காரருக்குத் தேதி தெரியும், 14 வயதுப் பிள்ளைக்குத் தெரியாது என்ற நிலையை எந்தக் காரணம் சொல்லியும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். நீதிபதி இனம் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் வித்தியாசம் அதற்கு வெகு முன்பே நுழைந்துவிடும். போலீஸ்காரர் எச்சரித்து அனுப்பலாம், அல்லது வழக்காக அனுப்பலாம். அடுத்தது இன்டேக் மேசை: வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் வெளியிலேயே முடித்துவிடலாமா என்று புரொபேஷன் அலுவலகம் பார்க்கும் இடம். அங்கே கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். பெற்றோர் நேரில் வந்தார்களா, போனை எடுத்தார்களா, மாலையில் வீட்டில் பெரியவர் யாராவது இருப்பார்களா, பள்ளியில் எத்தனை நாள் வரவில்லை. இனம் என்ற சொல்லே அந்தப் படிவத்தில் எங்கும் வேலை செய்யாது, ஆனால் இரவு வேலைக்குப் போகும் தனித் தாயின் பிள்ளை ஒவ்வொரு கேள்வியிலும் தோற்பான். பள்ளியிலேயே போலீஸ்காரர் நிற்கும் வட்டாரமா இல்லையா என்பதும் இதில் சேரும். அமெரிக்கச் சிறார்களில் கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 15 சதவீதம்தான், சிறார் நீதிமன்ற வழக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவர்கள் மீது இருக்கின்றன. ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் இந்த அளவு இடைவெளி வருகிறது.

அப்புறம் நீங்கள் சொன்ன நீட்டிப்பு. புதுக்குற்றம் எதுவும் செய்யாமல் நிபந்தனையை மட்டும் மீறுவதை டெக்னிக்கல் வயலேஷன் என்பார்கள். சந்திப்புக்கு வரவில்லை, எட்டு மணிக்கு வர வேண்டியவன் எட்டரைக்கு வந்தான், வகுப்பைக் கட் அடித்தான், இதெல்லாம்தான். நாடு முழுக்கக் காவலில் வைக்கப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் இந்தக் காரணத்துக்காக உள்ளே இருந்ததாக 2010-களின் கணக்கெடுப்புகள் காட்டின. 2020-இல் மிச்சிகனில், கொரோனா ஊரடங்கு நடுவில், 15 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி ஆன்லைன் வகுப்பின் வீட்டுப்பாடத்தை முடிக்கவில்லை, அது புரொபேஷன் மீறல் என்று காவலுக்கு அனுப்பப்பட்டாள். அந்த மாதங்களில் ஊரில் எந்தப் பிள்ளை வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடித்தது? செய்தி வெளியாகி, நாடே பேசி, மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தாள்.

கூட்டாட்சிச் சட்டத்திலும் ஒரு வழி திறந்திருக்கிறது. பள்ளிக்குப் போகாதது, வீட்டைவிட்டு ஓடுவது போன்ற, பெரியவர் செய்தால் குற்றமே ஆகாத விஷயங்களுக்காகப் பிள்ளைகளை அடைத்து வைக்கக் கூடாது என்று 1974-லேயே சொல்லிவிட்டார்கள். 1980-இல் ஒரு விலக்கு சேர்த்தார்கள்: அதே விஷயத்தைச் செய்யாதே என்று நீதிமன்றம் உத்தரவு போட்டு, அந்த உத்தரவைப் பிள்ளை மீறினால் அடைக்கலாம். புரொபேஷன் நீளமாக இருந்தால் மீறுவதற்கான சந்தர்ப்பமும் அவ்வளவு கூடுகிறது, மீறினால் காலம் இன்னும் நீள்கிறது.

கடைக்காரன்77

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதற்கு முன் என் பக்கத்தையும் கேளுங்கள். நான் இங்கே சின்னக் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வயதுப் பையன்கள் கண்ணாடியை உடைத்து உள்ளே வந்தார்கள், அன்று இரவு என் மனைவிதான் கல்லாவில் இருந்தாள். அதற்கப்புறம் ரொம்ப நாள் அவள் தனியாகக் கடையில் நிற்கவில்லை. அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர்களை ஜெயிலில் போடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. யாராவது கொஞ்ச காலம் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், அடுத்த கடைக்குப் போகாமல் தடுக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

காலத்தைக் குறை, நிபந்தனையைக் குறை என்கிறீர்கள். புரொபேஷன் என்பது ஜெயிலுக்குப் பதிலாகக் கொடுக்கும் உதவிதானே, உதவி கொஞ்ச நாள் கூடுதலாகக் கிடைத்தால் பிள்ளைக்கு என்ன நஷ்டம்? இன்னொன்று, கண்ணாடிக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பில் எழுதினார்கள், முழுசாக வந்து சேரவே இல்லை. அதைப்பற்றி எந்தச் சீர்திருத்தக்காரரும் பேசி நான் கேட்டதில்லை.

ஓய்வுபெற்றவன்

கடைக்காரன்77, நீங்கள் கேட்டது சரியான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. நான் ஒரு கவுன்ட்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) சிறார் புரொபேஷன் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

"யாராவது கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறீர்கள். நிஜத்தில் என்ன நடக்கும் தெரியுமா? ஓர் அதிகாரியிடம் அளவுக்கு மீறிய பிள்ளைகள் இருப்பார்கள். அதில் நிஜமாகவே பயப்பட வேண்டிய நாலைந்து பேருக்கு வாரம் இரண்டு தடவை வீட்டுக்குப் போக வேண்டும், பள்ளியோடு பேச வேண்டும், அப்பாவின் குடி பற்றிப் பேச வேண்டும், வேலை தேடித்தர வேண்டும். அந்த நேரத்தை எல்லாம் ஹெட்ஃபோன் திருடிய பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தான் என்று பார்ப்பதில் செலவழித்துவிடுவோம். உங்கள் கண்ணாடியை உடைத்த பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போவது இப்படித்தான். அபாயம் குறைந்த பிள்ளையை நிறையக் கண்காணித்தால் அவன் கெடவே வாய்ப்பு அதிகம் என்று ஓஹையோவில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவனைப் பந்து விளையாட விடாமல், வேலைக்குப் போக விடாமல் நிறுத்தி, மாதாமாதம் எங்கள் அலுவலக வரவேற்பறையில் அவனைவிட மோசமான நிலையில் இருக்கும் பையன்களோடு உட்கார வைக்கிறோம்.

புரொபேஷன் தொடங்கிய கதையை எத்தனை பேர் படித்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. 1841, பாஸ்டன், ஜான் அகஸ்டஸ் என்று ஒரு செருப்புத் தொழிலாளி. குடித்துவிட்டு மாட்டிய ஒருவரைத் தன் பொறுப்பில் விடும்படி நீதிபதியிடம் கேட்டு அழைத்துப் போனார். சுமார் மூன்று வாரம் கழித்து அந்த ஆள் தெளிந்த முகத்தோடு திரும்பி வந்தார், நீதிபதி ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் போட்டு விட்டுவிட்டார். 1843-லிருந்து அகஸ்டஸ் பிள்ளைகளையும் பொறுப்பில் எடுத்தார். 1878-இல் மாசசூசெட்ஸ் இதைச் சட்டமாக்கியது, 1899-இல் சிகாகோவில் முதல் சிறார் நீதிமன்றம் வந்தது. தொடக்கத்தில் ஒரு மனிதர் இன்னொரு மனிதரோடு குறுகிய காலம் கூட இருப்பதுதான் புரொபேஷன். அதை முப்பது நிபந்தனை அச்சடித்த தாளாக மாற்றியது பிற்பாடு வந்த நாங்கள்தான்.

அந்தத் தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் மாநிலத்தில் பிள்ளைகள் நீதிமன்ற அறையைவிட்டு வெளியே வந்ததும், உனக்கு என்னென்ன நிபந்தனை போட்டார்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கைத்தான் சொல்ல முடிந்தது. நீதிபதிகள் சட்டமொழியை விட்டுவிட்டு எளிமையாகப் பேசத் தொடங்கிய பின் புரிதல் 90 சதவீதம் வரை போனது. அதே மாநிலத்தின் பியர்ஸ் கவுன்ட்டியில் பரிசுமுறை கொண்டுவந்தார்கள். பிள்ளையும் குடும்பமும் சேர்ந்து சின்னச் சின்ன இலக்கு வைப்பார்கள், எட்டினால் அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒரு வாய்ப்பு கிடைக்கும், நன்றாகச் செய்தால் புரொபேஷன் சீக்கிரமே முடியும். பதினைந்து வயது மூளைக்குத் தண்டனையைவிடப் பக்கத்தில் தெரியும் பலன் நன்றாக ஏறும். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் நஷ்டஈடு விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். பதினாறு வயதுப் பையனிடம் காசு எங்கே இருக்கும்? எட்டு மணிக்குள் வீட்டுக்கு வா என்று சொல்லி அவனுக்குக் கிடைக்கக்கூடிய மாலை வேலையையும் நாமே கெடுத்துவிட்டு, பணம் கட்டவில்லை என்று காலத்தை நீட்டுகிறோம். உங்களுக்கும் பணம் வராது, அவனும் வெளியே வரமாட்டான். பொதுவேலை செய்யவைத்து, அதற்கான தொகையை ஒரு நிதியிலிருந்து நேராகப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுப்பதுதான் சரி.

மீனா_வழக்கு

"உதவி கூடுதலாகக் கிடைத்தால் என்ன நஷ்டம்" என்று கடைக்காரன்77 கேட்டதற்கு ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். இந்தத் துறையில் எல்லோரும் முதலில் படிப்பது இதைத்தான். 1964, அரிசோனா. ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுப் பையன். பணப்பை திருடிய இன்னொரு பையனோடு கூட இருந்தான் என்பதற்காக ஏற்கெனவே 6 மாத புரொபேஷனில் இருந்தவன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனில் ஆபாசமாகப் பேசினான் என்று ஒரு புகார். வக்கீல் இல்லை, புகார் கொடுத்தவர் நீதிமன்றத்துக்கே வரவில்லை, 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள், அதாவது 6 வருடம் வரை. அதையே ஒரு பெரியவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது அதிகபட்சம் 2 மாதச் சிறை. அன்று அரசாங்கம் சொன்ன வாதமும் இதேதான், இது தண்டனை இல்லை, பிள்ளைக்கு உதவி, அதனால் பெரியவர்களுக்கு உள்ள பாதுகாப்பு தேவையில்லை என்று. 1967-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, பிள்ளைகளுக்கும் வக்கீல் வேண்டும், குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும் என்றது.

உதவி என்ற பெயரில் கொடுத்தாலும், வேண்டாம் என்று சொல்ல முடியாமல், தவறினால் அடைத்து வைக்கலாம் என்று இருந்தால் அதற்கு அளவும் முடிவும் இருக்க வேண்டும். உங்கள் மனைவிக்கு நடந்ததற்கு வருந்துகிறேன், நிஜமாகவே. அந்தப் பையன்களைப் பொறுத்தவரை யாராவது கவனமாக, முதல் சில மாதங்களில் தீவிரமாகக் கூட இருப்பது அவசியம் என்பதில் எனக்கு வேறு கருத்தே இல்லை.

நிலா_அம்மா

இந்த மன்றத்தில் இதுவரை எதுவும் எழுதியதில்லை, படிப்பது மட்டும்தான். என் மகன் ஒன்றரை வருடத்துக்கு மேல் புரொபேஷனில் இருந்தான். காலில் கட்டும் அந்தக் கருவிக்குத் தினமும் சார்ஜ் போட வேண்டும், பேட்டரி இறங்கினால் மீறல். ராத்திரி நான் எழுந்து எழுந்து அது ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்ப்பேன். அவன் தங்கைக்குப் பிறந்தநாள் வைத்தால் யாரைக் கூப்பிடலாம் என்று யோசிக்க வேண்டும், வழக்கில் பெயர் உள்ள எந்தப் பையனோடும் அவன் ஒரே அறையில் இருக்கக் கூடாது, அந்தப் பையன் என் அண்ணன் மகன். வேலைக்கு விடுப்புப் போட்டு விடுப்புப் போட்டு என் வேலை போய்விட்டது. தப்பு செய்தவன் அவன், நான் இல்லை என்று சொல்லவில்லை, பெற்றவள் நான், பொறுப்பு எனக்கும் உண்டு. ஆனால் எப்போது முடியும் என்று கேட்டால் "அவன் நடந்துகொள்வதைப் பொறுத்து" என்பார்கள். ஒரு வருடம் நன்றாக நடந்துகொண்டான். ஒரு சந்திப்புக்குப் பஸ் கிடைக்காமல் போனதும், அந்த ஒரு வருடமும் கணக்கில் இல்லாமல் போய்விட்டது. கணக்குவாத்தியார் சார், அந்தப் பையனிடம் தொடர்ந்து பேசிக்கொண்டிருங்கள், அவன் பதில் சொல்லாவிட்டாலும்.

நன்னடத்தைப்பிரிவு

இந்தியாவில் சிறார் வழக்குகள் நடத்துகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்: 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 18-ஆம் பிரிவில், நன்னடத்தையின் பேரில் விடுவிப்பதற்கு, அதாவது புரொபேஷனுக்கு, 3 வருடம்தான் உச்சம். வழக்கின் காரணமாகப் பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ தகுதியிழப்பு வரக்கூடாது என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது, பெரியவர் போல விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெறும் சில வழக்குகள் மட்டும் விலக்கு. இங்கிலாந்திலும் இளையோர் மறுவாழ்வு உத்தரவுக்கு 3 வருடம் உச்சம். ஆகவே உச்சவரம்பு வைத்தால் சட்டம் ஒழுங்கு குலைந்துவிடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. ஆனால் வரம்பு மட்டும் போதாது. எங்கள் நன்னடத்தை அலுவலர் எழுதும் சமூக விசாரணை அறிக்கையில் "குடும்பச் சூழல் சரியில்லை" என்ற ஒரு வரி விழுந்தால் போதும், அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகாமல் சிறார்களை அடைத்து வைக்கும் இல்லத்துக்குப் போவான். ஏழ்மையைக் குணக்கேடாக எழுதும் பழக்கத்தை எந்தத் தேதியும் நிறுத்தாது.

கணக்குவாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. நிலா_அம்மா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அந்தப் பையனின் அடுத்த விசாரணை நெருங்குகிறது. அவன் அம்மாவும் என்னை வரச் சொல்கிறார். உருப்படியாக நான் என்ன செய்ய முடியும்? அப்புறம், எந்த மாநிலமாவது இதைச் சரியாகச் செய்திருக்கிறதா?

மீனா_வழக்கு

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். கான்சாஸ் 2016-இலும் யூட்டா 2017-இலும் சிறார் புரொபேஷனுக்குக் கால வரம்பு வைத்தன. நான் சட்டம் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்: முதல் தடவை, சிறு குற்றம் என்றால் வழக்கு நீதிமன்றத்துக்கே வராமல் வெளியில் முடிப்பது எல்லோருக்கும் இயல்பான வழியாக இருக்க வேண்டும், அதை மறுப்பவர்தான் காரணம் எழுத வேண்டும். புரொபேஷன் தானாகவே முடிய வேண்டும், நீட்டிக்க வேண்டும் என்றால் அதிகாரி வந்து ஏன் என்று நிரூபிக்க வேண்டும். புதுக்குற்றம் இல்லாத மீறலுக்காகக் காவலில் வைப்பது கூடவே கூடாது. நன்னடத்தைப்பிரிவு சொன்னது சரிதான், முதலாவதைச் செய்யாமல் காலத்தை மட்டும் குறைத்தால் அந்த இரண்டு பையன்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அப்படியே இருக்கும், நீளம் மட்டும் குறையும்.

பணம் பற்றியும் கவனியுங்கள். கலிஃபோர்னியா 2018 முதல் சிறார் வழக்குகளில் நிர்வாகக் கட்டணம் வாங்குவதை நிறுத்தியது, பல இடங்களில் குடும்பம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. பணம் இல்லாததால் கட்டவில்லை என்றால், அதை விசாரிக்காமல் புரொபேஷனை ரத்து செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1983-இலேயே சொல்லியிருக்கிறது. அவன் வழக்கில் கட்டணப் பாக்கி ஏதாவது உண்டா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அவனுடைய வக்கீல் யார் என்று அம்மாவிடம் கேட்டு, விசாரணை நாளுக்கு முன்னாலேயே அவரிடம் பேசுங்கள், அவருக்கு வழக்குகள் குவிந்திருக்கும், நீங்கள் கூப்பிடாவிட்டால் கோப்பைத் திறப்பதே அன்று காலையாகத்தான் இருக்கும். புரொபேஷனை முன்கூட்டியே முடிக்கும்படி மனு போடச் சொல்லுங்கள். நீதிபதிக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள், "நல்ல பையன்" என்று பொதுவாக எழுதாமல், எவ்வளவு காலமாக வருகிறான், எந்தப் பாடத்தில் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறான், கூடைப்பந்தை ஏன் விட்டான் என்று எழுதுங்கள். தவறவிட்ட சந்திப்புகள் எந்தத் தேதியில், அன்று அம்மாவுக்கு வேலை நேரம் என்ன, பஸ் இருந்ததா என்பதை அம்மா எழுதிக்கொண்டு வரட்டும். நீட்டிக்கத்தான் போகிறேன் என்று நீதிபதி சொன்னால், என்ன காரணம், எந்தத் தேதி வரை, எதைச் செய்தால் முடியும் என்பதைப் பதிவில் சொல்லும்படி வக்கீல் கேட்க வேண்டும். சந்திப்பு நேரத்தை அம்மாவின் வேலைக்கு ஏற்ப மாற்றவோ போனிலேயே முடிக்கவோ அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்றவன்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால் அந்தப் பையனின் அதிகாரியையும் போனில் கூப்பிட்டுப் பேசுங்கள் சார். என்னை அப்படி ஓர் ஆசிரியர் கூப்பிட்டுப் பேசிய பிள்ளைகளின் அறிக்கையை நான் வேறு மாதிரிதான் எழுதினேன், அதுவரை எனக்கு அந்தப் பிள்ளையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவன் வராத தேதிகள்தான். கூடைப்பந்துப் பயிற்சி நாட்களில் மட்டும் எட்டு மணியை ஒன்பதரையாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலான இடங்களில் அது அதிகாரி கையெழுத்திலேயே முடிகிற விஷயம்.